குளிராத கை

எனக்குக் கை குளிராது. பிப்ரவரியில் படகின் விளிம்பெல்லாம் பனி உறைந்து கிடக்கும்போதும் கையுறை இல்லாமல் கயிறு பிடிப்பேன். இந்தத் தீவில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணத்தன்று பாதிரியார்கூட என் கையைக் குலுக்கிவிட்டு, மாப்பிள்ளை ஏய்விந்துக்கு இனி அடுப்பு வேண்டியதில்லை என்று சிரித்தார்.

நீங்கள் ட்ரொன்ஹெய்ம் நகரத்திலிருந்து வந்திருக்கும் அதிகாரி. அங்கே விசிறிச் சிப்பியைத் தட்டில்தான் பார்த்திருப்பீர்கள். இங்கே அதை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்குகிறோம். இருபது மீட்டர் ஆழம், நான்கு டிகிரித் தண்ணீர். இறங்குகிறவன் நீர் புகாத உடைக்குள் நுழைந்து, தலையுறை போட்டு, தடித்த கையுறைகளை மணிக்கட்டு வளையத்தில் பூட்டிக்கொள்வான். பூட்டிய பிறகு அவனுக்கு விரல் இருந்தும் இல்லாத மாதிரிதான். கோப்பையைக்கூடக் கரடி மாதிரி இரண்டு கையாலும் பிடிப்பான்.

அதனால் கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி மாஸ்க்கை அவன் தானே மாட்டிக்கொள்ள மாட்டான். படகில் வெறுங்கையோடு இருப்பவர்தான் மாட்டிவிடுவார். ரப்பர் விளிம்பு தோலில் படிய வேண்டும், தலையுறையின் ஓரம் அதற்கடியில் சிக்கக் கூடாது. விரலால் ஒருமுறை சுற்றித் தடவிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டுவோம். தட்டியவர்தான் அவன் உயிருக்குப் பொறுப்பு. எங்கும் எழுதிவைத்ததில்லை, ஆனால் இங்கே யாரும் அதை மீறியதும் இல்லை.

என் கணவர் ஏய்விந்த் மூன்று குளிர்காலங்களுக்கு முன்னால் போனார். அவரும் அவருடைய தம்பி யோஸ்தெய்னும் சேர்ந்து இறங்கினார்கள். படகை நான் பார்த்துக்கொண்டேன். அன்று காலை எனக்கும் அவருக்கும் கொஞ்சம் வாக்குவாதம், அது இந்த விஷயத்துக்குத் தேவையில்லை. கால் மணி நேரத்தில் யோஸ்தெய்ன் அவரைக் கட்டிப்பிடித்தபடி மேலே வந்தான். மாஸ்க் நிறையத் தண்ணீர். அந்தக் குளிர் திடீரென்று கண்ணிலும் மூக்கிலும் ஏறினால் எந்த மனிதனும் மூச்சை இழுத்துவிடுவான். இழுத்தால் முடிந்தது. இடது நெற்றிப்பொட்டில் தலையுறையின் ஓரம் ஒரு விரல் அகலத்துக்கு ரப்பருக்கடியில் மடிந்திருந்தது.

படகுத்துறையில் போலீஸ் கேட்டபோது நான் வாயைத் திறக்கும் முன்பே யோஸ்தெய்ன் முந்திக்கொண்டான்.

"நான்தான் மாட்டிவிட்டேன். கையுறையோட, அவசரத்துல. அவளக் கேக்காதீங்க, அவ எஞ்சின் பக்கம் இருந்தா."

கையெழுத்தும் போட்டான். விபத்து என்று எழுதி மூடினார்கள். நான் மூடவில்லை. அன்றிலிருந்து அவனை வெறுத்தேன். காலையில் எழுந்து முகம் கழுவும் முன்பே வெறுத்தேன். அந்த வெறுப்பு இல்லாவிட்டால் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்று நினைக்கிறேன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவன் நெஞ்சு என் வாசலில் பனி அள்ளியது, விறகு பிளந்து அடுக்கியது, ஞாயிறுதோறும் காட் மீனைச் சுத்தம் செய்து கொண்டுவந்து கொடுத்தது. நான் வாங்கிக்கொண்டேன். அவன் தனியாக இறங்க ஆரம்பித்தபோது இடுப்புக் கயிற்றைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. நான் வருகிறேன் என்றேன். அவன் கண் கலங்கினான். நடிப்பு என்று நினைத்தேன்.

மூன்று வருடம் அவனுக்கு ஒழுங்காகத்தான் மாட்டிவிட்டேன், நம்புங்கள். போன வாரம் ஏய்விந்தின் பிறந்த நாள். நான் வாஃபிள் சுட்டேன். அவன் பழுப்புச் சீஸைச் சீவிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னான்.

"அன்னிக்கு நடந்தது யார் தப்பும் இல்ல, வென்கே. போதும். நீயும் இனிமே உன்னப் போட்டு வாட்டிக்காத."

நீயும் என்றான். என்னை எதற்கு அதில் சேர்த்தான்? கொன்றவன் வந்து எனக்கு மன்னிப்பு வழங்குகிறான். நான் இன்னொரு வாஃபிளை அவன் தட்டில் வைத்தேன். அன்றே முடிவு செய்துவிட்டேன். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, அலையே இல்லாத கடலில், அவன் உடையின் தொடைப் பையிலிருந்த மாற்று மாஸ்க்கை எடுத்து என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். அவன் கையுறைகளைப் பூட்டிக்கொண்டு என் முன்னால் முகத்தை நீட்டி உட்கார்ந்தான். நீட்டிய முகம் ஏய்விந்தின் முகம்தான், கொஞ்சம் இளையது.

"மெதுவா. மூஞ்சி என்னுது, ஆட்டுத்தோல் இல்ல."

"பேசாம இரு. வாயத் திறந்தா ரப்பர் உக்காராது."

"இந்த மூஞ்சிய இவ்வளவு பாசமாத் தடவுற பொம்பள நீ ஒருத்திதான். அதான் ஆசையில பேச்சு வருது."

இடது நெற்றிப்பொட்டில் தலையுறையின் ஓரத்தை மடித்து உள்ளே விட்டேன். அதே இடம், அதே அகலம். அந்தக் குளிரில் அவன் முகம் மரத்திருந்தது. பட்டையை ஒரு துளை இறுக்கினேன், மேலே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. விரலால் சுற்றித் தடவி, கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினேன். அவன் கட்டைவிரலைக் காட்டிவிட்டு முதுகுப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தான்.

கயிற்றில் ஒரு இழுப்பு என்றால் நலம். நான்கு என்றால் தூக்கு. ஒன்பதாவது நிமிடம் நான்கு வந்தது. குடுவையிலிருந்து காபி ஊற்றிக்கொண்டேன். மறுபடி நான்கு வந்தது. அதற்குப் பிறகு வந்ததை எண்ண முடியவில்லை. கண்ணைத் திறக்க முடியாமல், அந்தத் தடித்த விரல்களால் கண்ணாடியை முகத்தோடு அழுத்திக்கொண்டிருந்திருப்பான். எது ரப்பர், எது துணி என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. காபி கொஞ்சம் கசந்தது. முழுவதும் குடித்து, கோப்பையைக் கடல் தண்ணீரில் அலசிக் கவிழ்த்துவிட்டுக் கயிற்றை இழுத்தேன். அப்போதும் எனக்குக் கை குளிரவில்லை.

கரைக்கு வந்ததும் நானேதான் உங்களுக்குப் போன் செய்தேன். யோஸ்தெய்னைக் கொன்றது நான். மறைக்க ஒன்றுமில்லை, வருத்தமும் இல்லை. ஒரு உயிருக்கு ஒரு உயிர், அத்தோடு சரியாகிவிட்டது.

நீங்கள் இப்போது கேட்கும் கேள்விதான் எனக்குப் புரியவில்லை. ஆமாம், அன்று ஏய்விந்துக்கு மாஸ்க் மாட்டும்போது யோஸ்தெய்ன் கையுறைகளைப் பூட்டியிருந்தான். இரண்டு பேருமே பூட்டியிருந்தார்கள். படகில் வெறுங்கையோடு இருந்தது நான் ஒருத்திதான். கோபமாக இருந்தேன், கொஞ்சம் அவசரமாகவும் இருந்தேன், அதனால் என்ன? அந்தப் பழைய வழக்கு ஃபைலை எடுத்துப் பாருங்கள். தான்தான் மாட்டிவிட்டதாக அவனே சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.