பாக்கெட்டில் இருந்த ஃபியூஸ் கட்டை

நேற்று நீங்கள் வாங்கிக் கொடுத்த டீ நன்றாகத்தான் இருந்தது, மேடம். சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல். புனேயில் எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். முப்பத்தெட்டு வருஷமாகியும் என் நாக்குக்குப் பழகவில்லை.

வாக்குமூலத்தை வசதியான மொழியில் எழுதுங்கள் என்றீர்கள். தமிழில் எழுதுகிறேன். படித்துச் சொல்ல உங்களிடம் ஆள் இருக்கிறாராமே. அவர் இல்லாவிட்டால் நான் இந்நேரம் வீட்டில் அவரைக்காய்க்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பேன்.

என் பெயர் சந்தானம். தாபோடியில் ராணுவக்காரர்களின் நிறுவனம் ஒன்றில் எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவன். எனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவனுக்கும் ஷாக் அடித்ததில்லை. அதற்கு ஒரே ஒரு விதி வைத்திருந்தேன். எவன் கம்பியில் கை வைக்கிறானோ, அந்த லைனின் ஃபியூஸ் கட்டை அவன் சட்டைப் பாக்கெட்டில் இருக்க வேண்டும். கட்டை அவனிடம் இருக்கும்போது வேறு எவனாலும் கரண்ட் போட முடியாது அல்லவா.

டேனியல் என் நண்பன், இங்கே கோர்படி ரயில்வே காலனியிலேயே பிறந்து வளர்ந்தவன். ரயில் பெட்டிகளில் தச்சு வேலை பார்த்தான். ஓய்வுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து முல்ஷி பக்கம் ஒன்றரை ஏக்கர் வாங்கினோம். ரோட்டோரம் நான் வீடு கட்டிக்கொண்டேன். மனைவி போன பிறகு எனக்கு வேறு போக்கிடம் இல்லை. கோடியில் அவன் தகரக் கூரை போட்டுப் பட்டறை வைத்தான், பக்கத்திலேயே படுக்க ஓர் அறை. சனிக்கிழமை கிளம்பி அமலாவிடம், அதாவது மனைவியிடம், கோர்படிக்குப் போவான், திங்கட்கிழமை வந்துவிடுவான்.

பட்டறைக்குக் கரண்ட் என் வீட்டிலிருந்துதான் போனது. எண்பது மீட்டர் கேபிளை நானே குழி வெட்டிப் புதைத்தேன். என் வராந்தா போர்டில் மூன்று கட்டைகள். கட்டைகளின் மேலேயே வீடு, கிணறு, பட்டறை என்று சிவப்பு பெயின்டில் தமிழில் எழுதி வைத்திருந்தேன். டேனியல் தமிழ் நன்றாகப் பேசுவான். ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. அவன் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித்தரவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்ததும் பட்டறை லைனை அணைத்துவிடுவேன். காலை எட்டு மணிக்கு அவன் ஃபோன் வரும். "அரே சந்தானம், லைட் போடுடா. எத்தனை நேரம் தூங்குவே?" போடுவேன். பிறகு பத்து நிமிஷம் பேசுவோம். அமலாவின் சர்க்கரை, என் முட்டி, யார் செத்தார்கள், யார் பேரன் அமெரிக்கா போனான். ஐந்து வருஷம், அவன் பட்டறையில் இருந்த நாட்களில் இது ஒருமுறைகூடத் தவறியதில்லை.

போன மாதம்தான் அவன் போக்கில் மாற்றம் தெரிந்தது. நான் வருவதைப் பார்த்ததும் ஒரு காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தான். இன்னொரு நாள் ரோட்டுக் கம்பத்திலிருந்து பட்டறை வரை டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தான். கூட ஒரு ஆள், மின்சார அலுவலகத்துக்காரன். என்னடா என்று கேட்டேன். "குச் நஹி, சும்மா," என்றான். சும்மா அளப்பவன் எண்களை ஏன் குறித்துக்கொள்ள வேண்டும்?

எனக்குப் புரிந்துவிட்டது. தனி மீட்டர் வாங்கப் பார்க்கிறான். மீட்டர் அவன் பெயரில் வந்தால் அடுத்து வேலி வரும், வேலிக்குப் பிறகு பத்திரம் வரும். பாதி நிலத்தை எவனுக்காவது தள்ளிவிட்டு, வீட்டோடு என்னை ஓரங்கட்டிவிடுவான். பிடிபட்ட அன்று உங்களிடம் இதைத்தான் சொன்னேன். நம்பகமான காரணமாக இருந்தது, இல்லையா? நீங்களும் தலையாட்டினீர்கள்.

வியாழக்கிழமை இங்கே மின்வாரியம் லைனை நிறுத்திப் பராமரிப்பு பார்க்கும் நாள். அன்றைக்கு வீட்டுக்கு என் சின்ன ஜெனரேட்டர் ஓடும். பட்டறை மிஷின்களை அது தாங்காது. அதனால் பட்டறைக் கட்டையைப் பிடுங்கி டேனியல் கையில் கொடுத்துவிடுவேன். ரிப்பேர் வேலையெல்லாம் அவன் வியாழக்கிழமைக்குத்தான் ஒதுக்கி வைப்பான். ஜெனரேட்டர் சத்தம் கேட்டாலும் பயப்பட மாட்டான். கட்டைதான் பாக்கெட்டில் இருக்கிறதே.

அந்த வியாழக்கிழமை பத்து மணிக்கு வராந்தாவுக்கு வந்தான். லைன் நின்றிருந்தது.

"இன்னைக்கு அந்தப் பழைய கேபிளை பட்டறை போர்டுலேர்ந்து கழட்டப் போறேன்டா. கட்டையைக் குடு."

"நான் வரட்டுமா?"

"நீ உக்காரு. முட்டிய வச்சிட்டு எங்க வரே?"

போர்டிலிருந்து ஒரு கட்டையைப் பிடுங்கிக் கொடுத்தேன். அவன் அதைப் பார்த்தான். எழுத்தைத்தான் பார்த்தான், ஆனால் அவனுக்கு அது வெறும் சிவப்பு பெயின்ட். சட்டைப் பாக்கெட்டில் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். அது கிணற்றுக் கட்டை.

கால் மணி நேரம் கழித்து ஜெனரேட்டரை ஓட்டினேன். பட்டறைக் கட்டை போர்டிலேயே இருந்தது, கரண்ட் நேராகப் பட்டறைக்குப் போனது. கம்பியைக் கழற்றும்போது இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்து இழுப்பது அவன் வழக்கம். வேண்டாம் என்று பலமுறை திட்டியிருக்கிறேன். ஜெனரேட்டர் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. அவரைக்காய் நறுக்கி முடித்தேன். பிறகு ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு, பட்டறைக் கட்டையைப் பிடுங்கிக் கிணற்றின் இடத்தில் செருகினேன். நடந்து போய்ப் பார்த்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அமலாவிடம் நெஞ்சுவலி என்று சொன்னேன்.

டாக்டர் இரண்டு உள்ளங்கையிலும் கருகிய புள்ளியைக் காட்டியபோது நீங்கள் வந்தீர்கள். லைன் இல்லாத நாள், கட்டை செத்தவர் பாக்கெட்டில், பிறகு கரண்ட் எங்கிருந்து வந்தது என்று என்னையே கேட்டீர்கள். நானும் உங்களோடு சேர்ந்து யோசித்தேன். இரண்டாம் முறை வந்து கட்டைகளைப் போட்டோ எடுத்தபோதுகூட நான் கவலைப்படவில்லை. அந்த எழுத்து உங்களுக்கும் வெறும் பெயின்ட்தானே என்று நினைத்தேன். தமிழ் தெரிந்த உங்கள் ஆள் படித்துவிட்டார்: செத்தவன் பாக்கெட்டில் கிணறு, கிணற்றின் இடத்தில் பட்டறை. போலீஸ் வருவதற்கு முன் இரண்டையும் மாற்றி வைக்க அரை நிமிஷம் போதும். அவன் பாக்கெட்டில் கை விட எனக்கு மனசு வரவில்லை.

நேற்று, அவன் பைக்குள் மடித்து வைத்திருந்த அந்த விண்ணப்பத்தை என் முன்னால் வைத்தீர்கள். தனி மீட்டருக்கானது. விண்ணப்பதாரர் இடத்தில் முதல் பெயர் சந்தானம், இரண்டாவதுதான் டேனியல். நில வரைபடத்தில் வேலியும் இல்லை, பிரிப்பதற்கான கோடும் இல்லை. என் முட்டிக்காகத்தான் டேனியல் இதைச் செய்தான், தினமும் என்னை எழுப்ப வேண்டாம் என்று நினைத்தான் என்று அமலா சொன்னதாகச் சொன்னீர்கள். நான் அழுதேன். நீங்கள்கூடத் தண்ணீர் கொடுத்தீர்கள்.

வாக்குமூலம் என்று வந்தபின் இதையும் எழுதிவிடுகிறேன். அந்தக் காகிதத்தை அவன் செத்த வாரம் திங்கட்கிழமையே, அவன் குளிக்கப் போனபோது, பையிலிருந்து எடுத்துப் படித்துவிட்டேன். என் பெயர் முதலில் இருந்ததைப் பார்த்தேன். மடித்தது மடித்தபடி வைத்தேன். நிலத்தைப் பற்றி எனக்கு அன்றே பயம் போய்விட்டது.

ஆனால் தனி மீட்டர் வந்தபின் காலையில் அவன் எதற்காக என்னைக் கூப்பிடுவான், சொல்லுங்கள். கூப்பிடுவான் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு நம்பிக்கை இல்லை.

அடக்கம் சனிக்கிழமை. நடுவில் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் வராந்தாவில், ஒரு கையில் ஃபோனோடு, போர்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எட்டேகால் ஆயிற்று. எட்டரை ஆயிற்று. ஒரு ஃபோன் போடக்கூட அவனுக்குத் தோன்றவில்லையே என்று அவன்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது.