வெட்டி எடுத்த பத்து வினாடி

அந்த வரிய இன்னொரு தடவ படிம்மா. விபத்தில் கால் முறிந்து படுத்திருந்த அக்காவுக்குப் பாடம் சொல்லித்தர, தம்பி தொடங்கிய இலவச இணையப் பள்ளி. அடேங்கப்பா, நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. பத்தாவது ஆண்டு விழா மலராச்சே, படிக்கறவங்களுக்குக் கண்ணு கலங்கிடும். உக்காரு, அந்த நாற்காலி ஆடாது. கால் ஒடிஞ்சது எனக்குத்தான், அதுவரைக்கும் நெசம். ஆனா பாடம் சொன்னதும் நான்தாம்மா.

ஆமா, நான் கணக்கு டீச்சர். தம்பி ஆபீஸ்ல யாருமே சொல்லலயா உனக்கு? சரிதான்.

மூணு மாசம் படுக்கை. பரீட்சை நெருங்குது, என் வகுப்புக்கு வேற ஆள் கெடயாது. தம்பிதான் என்னத் தூக்கி உக்கார வெச்சு, சமையல் மேடையில பிஸ்கட் டப்பாவெல்லாம் அடுக்கி, மேல செல்போனக் கவுத்து வெச்சு வீடியோ எடுத்தான். என் கையும் நோட்டும் மட்டும் தெரியும். நடுவுல குக்கர் சத்தம் கூட இருக்கும். முப்பத்தெட்டு புள்ளைங்களுக்குன்னு போட்டது. அதுங்க சித்தப்பா புள்ள, பெரியம்மா புள்ளைக்கெல்லாம் அனுப்ப, வருஷம் திரும்பறதுக்குள்ள லட்சத்தத் தாண்டிருச்சு. தம்பி பாத்துகிட்டிருந்த வேலைய விட்டுட்டு இதுல எறங்கினான். எந்தக் காலத்துலயும் காசு வாங்கக் கூடாதுன்னு ரெண்டு பேரும் பேசி வெச்சோம். அதுல இன்னைக்கு வரைக்கும் அவன் மாறல, இல்லாததச் சொல்லக் கூடாது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு பாடத்துலயும் வேணும்னே ஒரு தப்பு போடுவேன். மைனஸையும் மைனஸையும் பெருக்கி மைனஸ்னு எழுதிட்டு, பத்து வினாடி வாயத் தொறக்க மாட்டேன். பாக்கற புள்ள கத்தணும், டீச்சர் தப்புன்னு. அப்புறம் அடிச்சிட்டு, கீழ சரியா எழுதுவேன். பஸ்ல கத்திட்டேன் டீச்சர், எல்லாரும் திரும்பிப் பாத்தாங்கன்னு ஒரு பொண்ணு எழுதியிருந்துச்சு. என்ன சிரிக்கிற, நீயும் கத்தினியா? அட!

அப்புறம் கண்ணாடிக் கதவு வெச்ச ஆபீஸ் வந்துச்சு. டீச்சர் சும்மா இருக்கற எடத்துல பாக்கறவங்க ஓடிப்போறாங்க, அதையெல்லாம் வெட்டுங்கன்னுட்டான் தம்பி. வெட்டினவங்க அந்தப் பத்து வினாடிய வெட்டினாங்க. இதென்ன, ஒரே வரிய ரெண்டு தடவ எழுதறாங்கன்னு ரெண்டாவதையும் சேத்து வெட்டிட்டாங்க. தப்பு மட்டும் நின்னுபோச்சும்மா. நூத்திப் பதினாலு பாடத்துல.

பெத்தவங்க சும்மா விடுவாங்களா? கிழி கிழின்னு கிழிச்சிட்டாங்க. மறுநாளே தளத்துல ஒரு அறிவிப்பு, எங்கள் தொடக்க கால ஆசிரியர் செய்த பிழைகளுக்கு வருந்துகிறோம், அவருடைய பாடங்களை நீக்கிவிட்டோம்னு.

அவனுக்குத் தெரியாதான்னா கேக்கற? நல்லா கேட்ட போ. பதினாலு வயசுல கணக்குல முட்டை வாங்கிட்டு மூக்க உறிஞ்சிகிட்டு நின்னவன். அவனப் புடிச்சு உக்கார வைக்கத்தான் இந்த வித்தையையே நான் கண்டுபிடிச்சேன். மொத மொதல்ல கத்தினவனே அவன்தான். போன் போட்டுக் கேட்டேன். நாங்கதான் வெட்டினோம்னு சொன்னா மொத்தமும் படுத்துடும்க்கா, வீடியோல உன் கைதானே தெரியுது, மூஞ்சியா தெரியுதுன்னான். இடுப்புல தூக்கி வளத்த பய.

மூஞ்சி தெரியலன்னா? என் வகுப்புப் புள்ளைங்களுக்கு என் குரல் கூடவா தெரியாது?

போன திங்கக்கெழம பலகையில வழக்கம்போல தப்பா எழுதிட்டு நின்னேன். பத்து வினாடி ஆச்சு. இருபது ஆச்சு. ஒருத்தரும் மூச்சு விடல. எல்லாம் தலையக் குனிஞ்சுகிட்டு மேஜையப் பாக்குதுங்க. முன் பெஞ்சுப் பொண்ணு மெதுவா எந்திரிச்சு, பரவால்ல டீச்சர், நாங்க வீட்டுக்குப் போயித் தளத்துல பாத்துக்கறோம்னுச்சு. பாவம், எம் மனசு நோகக் கூடாதுன்னு அவ்வளவு பக்குவமாச் சொல்லுச்சு.

என்ன, மேடைல நான் ரெண்டு வார்த்தை பேசணுமா? அழைப்பிதழ்ல என் பேருக்குக் கீழ என்ன போட்டிருக்க? கணக்கு ஆசிரியைன்னா? அத எடுத்துடும்மா. நேத்துதான் வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன். இருபத்திரெண்டு வருஷம், போதும். திடீர்னு என்ன காரணம்னு கேட்டார் தலைமையாசிரியர். குடும்பக் காரணம்னு போட்டேன். பொய் ஒண்ணும் இல்லயே.