பழுது பார்த்த புல்வெட்டி

நான்கு நாள் மழை பெய்து ஒரு நாள் வெயில் அடித்தால் போதும், ஜிம்பியில் புல் கணுக்காலைத் தாண்டிவிடும். இன்னும் ஒரு வாரம் விட்டால் அதில் பாம்பு குடித்தனம் நடத்தும். டிசம்பர் கோடையில் இங்கே புல்வெட்டி இல்லாமல் காலம் தள்ள முடியாது. உங்களுக்கு இது தெரிந்திருக்கும், சார்ஜன்ட். பிரிஸ்பேனில் மாடிக் குடியிருப்பில் வளர்ந்தவரானால் தெரியாமலும் இருக்கலாம்.

எங்கள் புல்வெட்டி பெட்ரோலில் ஓடுவது. என் கணவர் வெர்ன் வாங்கி இருபத்திரண்டு வருடம். வெர்ன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். அதற்குப் பிறகு எண்ணெய் மாற்றுவது, பிளக்கைத் துடைப்பது, பிளேடைத் தீட்டுவது எல்லாம் நான்தான். எழுபத்து நான்கு வயது எனக்கு. அந்த எஞ்சினின் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன்.

நவம்பர் கடைசியில் அதன் கேபிள் துருப்பிடித்து இறுகிக்கொண்டது. கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்க ஒரு கம்பி இருக்கும். பிடித்திருக்கும் வரை எஞ்சின் ஓடும், கையை விட்டால் நின்றுவிட வேண்டும். இது விட்டாலும் நிற்கவில்லை. பெட்ரோலை அடைத்துவிட்டு, அதுவாக அடங்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நெவ் ஹாலொரன் பட்டறைக்குக் கொண்டு போனேன். வெர்னோடு சேர்ந்து மீன் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவர் நெவ். ஏமாற்ற மாட்டார்.

"நோலீன், இதுக்கு இனிமே பார்ட்ஸே வராது," என்றார். "எஞ்சின் தங்கமாட்டம் இருக்கு, இல்லேங்கல. ஆனா நிறுத்துற சமாச்சாரமே போயிடுச்சே. உங்க வீட்டுப் பின்னால இருக்குற சரிவுல இத ஓட்டினா காலு போயிடும். பேசாம புதுசு வாங்கிடுங்க."

"வேற எதையாவது மாட்டி ஒப்பேத்த முடியாதா?"

"ஒப்பேத்துற எடமா இது?"

ஓர் அட்டையில் சிவப்பு மையால் 'ஓட்டாதீர்' என்று எழுதிக் கைப்பிடியில் கட்டித்தான் என்னிடம் கொடுத்தார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்று இரண்டு வாரம் யோசித்தேன். சின்ன விஷயத்துக்கு இவ்வளவு யோசனையா என்று கேட்பீர்கள். என் வீட்டில் எதுவும் சின்ன விஷயமாக இருந்ததில்லை. என் மகன் லெய்ட்டனுக்கு எதையாவது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே மகன். மரூச்சிடோரிலிருந்து ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ஒரு மணி நேரம் காரோட்டி வருவான். வெர்ன் போன முதல் வருடம் அடுப்பை மாற்றினான். அடுத்து குளிர்பெட்டி. பிறகு குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி பதித்தான். நான் கேட்கவில்லை. என் வீட்டில் நான் ஒருத்திதான் பழையவளாக மிச்சம் இருந்தேன்.

நவம்பரில் அந்தப் பேச்சையும் எடுத்தான்.

"மா, நீ தனியா இந்தச் சரிவுல ஏறி எறங்குறத நெனச்சா எனக்குத் தூக்கமே வரல. எங்க தெருவுலயே வயசானவங்களுக்குன்னு சின்னச் சின்ன வீடு கட்டியிருக்காங்க. சும்மா ஒரு தடவ பாத்துட்டு வருவோமா?"

"அங்க புல்லு இருக்கா?"

"உனக்கு எதுக்கும்மா புல்லு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். கெட்ட எண்ணத்தோடு கேட்டான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்டான். வர முடியாது என்றேன். "சரி, யோசிச்சு சொல்லு," என்று என் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காலை ஒன்பதரைக்கு நெவ் கட்டிய அட்டையை அவிழ்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பெட்ரோலை நிரப்பினேன். பத்து மணிக்கு லெய்ட்டன் வந்தான். நேராகக் கொட்டகைக்குத்தான் போனான்.

"மா, இத நெவ்கிட்ட கொண்டு போனியாமே. என்ன சொன்னாரு?"

"சரி பண்ணியாச்சு."

"நெசமாவா? இந்தக் கெழட்டு மெஷினையா?"

"கெழடுன்னா தூக்கிப் போட்டுடணுமா? வெட்டிப் பாத்துட்டு அப்புறம் பேசுடா."

"சரி தாயே," என்று கும்பிடுவது போலத் தலை குனிந்தான். "உன் திருப்திக்கு ஒரு தடவ ஓட்டறேன். அப்புறமா கார்ல ஒண்ணு இருக்கு, வந்து பாரு."

வீட்டை விற்பதற்கான காகிதம் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

முதல் இழுப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. முன்பக்கம் சமதளம், அங்கே ஒன்றும் ஆகவில்லை. கைப்பிடியை விடாமல் அப்படியே தள்ளிக்கொண்டு பின்பக்கம் போனான். முந்தின நாள் மழையில் சரிவு முழுக்க ஈரம். நான் துணி உலர்த்திக்கொண்டு நின்றேன். அவன் கீழே நின்று மெஷினை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தான். கால் வழுக்கியது. யாராக இருந்தாலும் செய்வதைத்தான் அவனும் செய்தான், கைப்பிடியை விட்டான். எஞ்சின் நிற்கவில்லை. அவன் மேலேயே இறங்கியது.

ஒரு தடவை "அம்மா" என்று கூப்பிட்டான். எனக்கு நன்றாகக் கேட்டது. கூடையில் இன்னும் மூன்று விரிப்புகள் இருந்தன. ஈரத்தோடு விட்டால் வாடை வந்துவிடும். மூன்றையும் உதறி, கொடியில் போட்டு, கிளிப் மாட்டிவிட்டு உள்ளே போய் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். பத்து நிமிடம் முன்னால் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று ஆம்புலன்ஸில் வந்த பெண் சொன்னாள். கணக்கு சரிதான். பத்து நிமிடம் இருக்கும்.

கால் தவறி நடந்த விபத்து என்று எழுதிவிட்டு நீங்கள் போயிருக்கலாம். என் வக்கீலுக்கும் அதுதான் ஆசை. எனக்கு வேண்டாம். எழுபத்து நான்கு வயதுக் கிழவிக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும் என்று கோர்ட்டில் பேசுவார்கள். எனக்குத் தெரியும். கையை விட்டால் நிற்காது என்று தெரியும், சரிவு ஈரம் என்று தெரியும், அவன் விடுவான் என்றும் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வருத்தமா என்று திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். என்னை எங்கே வைப்பது என்று தீர்மானிக்க அவன் யார்?

அவன் கார் டிக்கியிலிருந்து எடுத்ததை நேற்று இந்த மேசைமேல் வைத்தீர்கள். பேட்டரியில் ஓடும் புல்வெட்டி, பெட்டிகூடப் பிரிக்கவில்லை. மேலே அவன் கையெழுத்தில் ஒரு சீட்டு. 'மா, நீ ஜெயிச்சிட்ட. இங்கயே இரு. நான் வந்து போயிட்டு இருக்கேன். இது கைய விட்டா அந்த நிமிஷமே நின்னுடும்.'

படித்துக் காட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் உடைந்து அழுவேன் என்று நினைத்தீர்களாக்கும். அந்தச் சீட்டில் அப்படி என்ன இருக்கிறது, சார்ஜன்ட்? என்னை ஒரு வார்த்தை கேட்காமல் புதிது வாங்கிவிட்டான். நான் அவனைப் பற்றி நினைத்தது சரிதான் என்று இப்போதாவது ஒத்துக்கொள்ளுங்கள்.