இரவல் கதிரையில் இருந்த வறுமை

அவைத் தலைவர் நல்லரத்தினம் ஐயா அவர்களே! அருகமர்ந்து அழகு சேர்க்கும் ஆலய அறங்காவலர்களே, பள்ளிவாசல் பெரியோர்களே! உலையில் அரிசி போடும் முன்பே ஊர்க் கவலையைப் போட்டுப் பழகிய என் தாய்மாரே! வாவிக் காற்றோடு வந்து பின்வரிசையில் நிற்கும் தோழர்களே! இந்தக் கம்சாயினியின் பணிவான வணக்கமும் ஸலாமும்.

நாளை முதல் இந்த வாசிகசாலையில் ஓர் உதவி மேசை இயங்கப் போகிறது. அதில் இருந்து விண்ணப்பம் எழுதித் தரப்போவது நான். கடன் கழுத்தை நெரித்தால் வரலாம், அரசின் நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்காவிட்டால் வரலாம், மின்கட்டணம் கட்ட வழியில்லாவிட்டாலும் வரலாம். வருவீர்களா? "வருவம்" என்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் உண்டு. ஏன் என்று சொல்கிறேன்.

நம் ஊர்ப் புஸ்பத்தை அறியாதவர் யார்? "என்ட பேரச் சொல்லியே கதை புள்ள, வெக்கப்பட இனி ஒண்டுமில்ல" என்று அவரே எனக்கு அனுமதி தந்தார். கணவர் ஜெயரூபன் தோணியில் விழுந்து முதுகு முறிந்து படுக்கையில். வலை வாங்க எடுத்த நுண்கடன் வாசலில். அதை அடைக்க இன்னொரு கடன், அந்த இன்னொன்றை அடைக்க வேறொன்று! கொடுப்பனவும் கிடைக்காவிட்டால் பால்குடி மறவாத மகளை விட்டுவிட்டு வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போவதுதான் வழி. கடவுச்சீட்டும் எடுத்துவிட்டார்.

கொடுப்பனவு விண்ணப்பத்தை விசாரிக்க உத்தியோகத்தர் வருகிறார் என்று செய்தி வந்தது. புஸ்பம் என்ன செய்தார்? வீட்டைக் கூட்டினார், மெழுகினார். வேலிக்கு அந்தப்பக்கம் அன்னப்பூரணியிடம் நாலு கதிரை இரவல் வாங்கினார். சீலை வியாபாரம் செய்யும் கைறுன்னிஸாவிடம் மின்விசிறி வாங்கினார். தேத்தண்ணிக்குப் பூப்போட்ட கோப்பைகளும் வந்தன! சிரிக்கிறீர்களா தாய்மாரே? உங்களில் யார் இதைச் செய்யாதவர்? வந்தவரை வெறும் பாயில் இருத்த நம் மனம் கேட்குமா?

உத்தியோகத்தர் கண்டதைத்தானே எழுதுவார்? எழுதினார். கொடுப்பனவு இல்லை என்று பதில் வந்தது. இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்பார்கள். புஸ்பத்துக்கோ இரவல் கதிரையே எதிர்ச்சாட்சி ஆயிற்று.

மேன்முறையீடு எழுதிக் கொடுத்தேன். மறுவிசாரணைக்கு அதே உத்தியோகத்தர் வந்தார். வீடு வெறுமையாக இருந்தது. "போனமுறை இருந்த கதிரையெல்லாம் எங்க அம்மா? வித்துப்போட்டீங்களா?" என்று கேட்டார். புஸ்பத்தின் தலை குனிந்தது. இரவல் என்ற அந்த ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. பசியைச் சொன்னவர், கடனைச் சொன்னவர், இதைச் சொல்ல முடியாமல் நின்றார். அருகில் நின்ற எனக்கும் அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை.

அப்போது வேலிப் படலை திறந்தது. அந்தப்பக்கம் கேட்டுக்கொண்டிருந்த அன்னப்பூரணி தலையில் கதிரைகளோடு வந்தார். "ஐயா, இந்தா நீங்க தேடுற கதிரை. இது என்ட. இருந்து எழுதுங்க, மறுகா நான் கொண்டு போகணும்." பின்னாலேயே கைறுன்னிஸா. "இந்த ஃபேனும் எங்கட வீட்டுச் சாமான் சேர். அவ பாவம், வந்த ஆக்கள் வேர்க்கக் கூடாதெண்டு வாங்கினவ."

உத்தியோகத்தர் கதிரையில் இருக்கவில்லை. பாயை விரிக்கச் சொல்லி, அதில் இருந்து எழுதினார். புஸ்பம் அழுதார். நானும் அழுதேன், மறைக்கவில்லை.

கொடுப்பனவு வந்தது. கடனைத் தவணை பிரித்துக் கட்டவும் பேசி முடித்தோம். கடவுச்சீட்டு பெட்டிக்குள் கிடக்கிறது. அதோ, மூன்றாம் வரிசையில் மகளை மடியில் வைத்திருக்கிறாரே, அவர்தான் புஸ்பம்!

அன்பர்களே, கொடுத்த கை சாட்சி சொல்லவும் வந்தது. அதுவல்லவா அயல்? இல்லாமை இழிவா? இல்லை! கேட்பது குற்றமா? இல்லை! இல்லாமையை ஒளித்துவைத்தால் உதவி எப்படி வீடு தேடி வரும்?

ஆகவே நாளை வாருங்கள். நல்ல சீலை தேடாதீர்கள், இரவல் நகை பூணாதீர்கள். உள்ளபடி வாருங்கள், உள்ளதைச் சொல்லுங்கள். மேசைக்கு முன்னே உங்களுக்காக ஒரு கதிரை போட்டிருக்கிறோம். அது இரவல் இல்லை, உங்களுடையது.

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. எல்லா அடுப்பும் எரியட்டும். வணக்கம், ஸலாம்!