ரிட்டர்ன் சாருக்காக ஒரு கட்சிக்காரி

மேடையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் கல்லூரி நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களே, சட்டக் கல்லூரி முதல்வர் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோடு நிற்கும் மாணவப் பிள்ளைகளே! எல்லோருக்கும் வணக்கம். தலைவருக்கு மட்டும் பாதி வணக்கம். மீதியைக் கடைசியில் பார்ப்போம்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனாலும் இந்தக் கல்லூரியில் இருபத்திரண்டு வருஷம் சனிக்கிழமை தவறாமல் வகுப்பில் உட்கார்ந்தவள். மாணவியாக இல்லை, கேஸ் கொண்டுவரும் கட்சிக்காரியாக. உட்கார வைத்தவர் மறைந்த நம் பேராசிரியர் பெருந்தகை, நீங்கள் ரிட்டர்ன் சார் என்று கூப்பிட்ட மனுஷன்.

ஏன் என்னை? தலைவருக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் முன்னால் பக்கத்து வீட்டுக்காரன் என் மேற்குச் சுவரை இடித்து உள்ளே வந்தான். இந்தத் தலைவர்தான் என் வக்கீல். மனுவில் கிழக்குச் சுவர் என்று எழுதினார். “என்னங்க எழுதியிருக்கு?” என்று கேட்டேன். “உனக்குச் சொன்னா புரியவா போகுது? கையெழுத்தப் போடும்மா” என்றார். புரியாதாம்! சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று எனக்குத் தெரியாதாம்! கேஸ் தள்ளுபடி. என் சமையலறை அவன் வீட்டோடு போயிற்று. அந்த ஆபீஸில் வெட்கப்பட்டவர் ஒரே ஒரு ஜூனியர். அவர் படத்துக்கு முன்னால்தான் இன்று நிற்கிறோம்.

அவர் வகுப்பில் மனு எழுதியவர் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும். நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திக்கினால், குறையுள்ள மனுவைக் கோர்ட் திருப்பி அனுப்புமே, அதே மாதிரி சார் சிவப்பு மையில் ‘ரிட்டர்ன்’ என்று எழுதித் திருப்பிக் கொடுப்பார். போன வருஷம் ஒரு பொண்ணு கம்ப்யூட்டர் எழுதிக் கொடுத்ததைக் கணீரென்று படித்தாள்: “மேற்படி மனுதாரர், இங்கே பெயரை நிரப்பவும், மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகி...”

“யாரும்மா அந்த நிரப்பவும்? உன் சொந்தக்காரரா?” என்றேன். வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. “மிஷின் எழுதட்டும், தப்பில்ல. சுவர் எந்தப் பக்கம்னு அது பாட்டிகிட்ட கேட்டுச்சா?” என்றார். அந்தப் பொண்ணு அதோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள்.

சற்று முன் தலைவர் என்ன சொன்னார்? காலம் மாறிவிட்டதாம். சார் நினைவாக அந்த வகுப்பை மூடி, மனு எழுதும் கம்ப்யூட்டர்களை வைக்கப்போகிறாராம். அய்யா, காலம் மாறினால் மேற்கு கிழக்காகுமா? “கிழவியை வைத்து நாடகம் போடுகிறார்” என்று அன்று நக்கலடித்த வாய், இன்று “மாமேதை” என்கிறது! அந்த வாய்க்குக் கூசவே கூசாதா?

பிள்ளைகளே, இது என் உறுதி. சனிக்கிழமை பத்து மணிக்கு என் நாற்காலியில் இருப்பேன். அறையைப் பூட்டினால் வராந்தாவில் போட்டுக்கொள்வேன். மனுவோடு வாருங்கள். சாரின் சிவப்புப் பேனாவை அவர் மனைவி என்னிடம் கொடுத்துவிட்டார். ஒரு வார்த்தை எழுத என் மூன்றாம் வகுப்பு போதும்.

நேற்றே எழுதிப் பார்த்தேன். தலைவர் அவர்களே, இதோ உங்கள் பழைய மனு. ரிட்டர்ன். திருத்திக்கொண்டு சனிக்கிழமை வாருங்கள், எனக்குப் படித்துக் காட்டுங்கள். புரிந்தால் மீதி வணக்கம்.