பேர்சொல்லிக் கல்

கண்டிச் சீமைத் தேயிலைக் காட்டுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்த காலமாம். கடலோரத்தில் உப்பளத்தை நம்பி ஒரு ஊராம். ஒரு கங்காணி வந்து நோட்டில் பேர் எழுதினானாம். எழுதின பேரெல்லாம் கப்பல் ஏறிச்சாம். ஒன்றுகூடத் திரும்பலையாம்.

அந்த ஊருக்குத்தான் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் அருமைநாயகம் வந்தாராம். எழுதி எழுதி, கெஞ்சிக் கெஞ்சி, ஒரு ஓலைக்கொட்டகைப் பள்ளிக்கூடத்துக்கு உத்தரவு வாங்கியிருந்தாராம். இருபது பிள்ளைகள் பேர் சேர்ந்தால்தான் அது நிற்குமாம்.

அந்த ஊர் மாடத்திக்கு ஒரே பிள்ளை, செல்லக்கனி. ஏழு வயசு. கப்பலில் போனவர்களில் மாடத்தியின் தம்பியும் உண்டாம். இன்ஸ்பெக்டர் கையில் நோட்டைக் கண்டதும் பிள்ளையை உப்புச் சாக்குக்குப் பின்னால் தள்ளிவிட்டு வாசலை மறித்து நின்றாளாம்.

"பிள்ளை உண்டாம்மா?"

"கொடுப்பினை இல்லய்யா."

"கொடியில சின்னப் பாவாடை காயுதே?"

"நான் சின்னதுல உடுத்துனது. இன்னும் ஈரம் போகல."

அவர் சிரித்துவிட்டாராம். "பள்ளிக்கூடத்துக்குத்தாம்மா கேக்கேன்."

"கங்காணிகூட, போனா தேங்காயும் மாசிக் கருவாடும் திங்கலாம்னுதான் சொன்னான்."

ஊர் முழுக்க அதே பதிலாம். கூட வந்த வாத்தியார், "இருபது பேரை நாமளே எழுதிருவோம் சார். யாரு வந்து பாக்கப்போறா?" என்றாராம்.

"பொய்ப் பேருக்குப் படிப்புச் சொல்லிக்கொடுப்பீரா?" என்றாராம் அவர். ஒரு பேரும் சேரவில்லை என்று எழுதிக் கொடுத்தாராம். பள்ளிக்கூடம் போச்சாம்.

அதற்கப்புறமும் வருஷாவருஷம் வந்தாராம். வேலையிலிருந்து ஓய்ந்தும் வந்தாராம். உடைமரத்தடிக் கல்லில் நோட்டோடு உட்காருவாராம். "கெழட்டுக் கங்காணி வந்துட்டான்" என்று பிள்ளைகளை உள்ளே போட்டுப் பூட்டுவார்களாம். பத்தாம் வருஷம், பொழுது சாய்ந்தும் அவர் எழுந்திருக்கலையாம். கிட்டப் போய்ப் பார்த்தது மாடத்திதானாம். உடம்பு சில்லிட்டிருந்ததாம்.

பையில் ஒரு காகிதம். படிக்க ஊரில் ஆளில்லை. பக்கத்து ஊர்வரை நடந்து தபால்காரரிடம் காட்டினாளாம்.

"உங்க ஊருக்கு மறுபடியும் பள்ளிக்கூடம் கேட்டு எழுதியிருக்காரு. பிள்ளைக பேருக்கு இடம் விட்டிருக்கு" என்றாராம் அவர்.

மறுநாள் செல்லக்கனியைக் கல் முன்னால் நிறுத்தினாளாம். அப்போது அவளுக்குப் பதினேழு வயசு, இடுப்பில் கைக்குழந்தை.

"பேரச் சொல்லுட்டி."

"யாருட்டம்மா?"

"சொல்லு."

இன்றைக்கும் அந்த ஊரில் ஐந்து வயசான பிள்ளையை அந்தக் கல் முன்னால் நிறுத்திப் பேர் சொல்ல வைக்கிறார்கள். அதனால் அது பேர்சொல்லிக் கல். பள்ளிக்கூடம் இன்னும் வரவில்லை. பிள்ளை சொல்லி முடித்ததும் பெரியவர்கள் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார்களாம், யாரோ எழுதி முடிக்கட்டும் என்பதுபோல.