நிச்சயமில்லை

சாருஜா: ...எத்தினை தரம் அடிச்சிட்டன் அண்ணை. போனை ஏன் சத்தமில்லாமல் போட்டு வைச்சிருக்கிறியள்?

தனோஜன்: ஐஸ் கொம்பனியிலை இரவு வேலை செய்துபோட்டு வந்து படுக்கிறவனுக்கு போன் மணி ஒரு கேடு. சொல்லு.

சாருஜா: அது மாறிட்டுது.

தனோஜன்: எது?

சாருஜா: நீங்கள் காட்டித் தந்த அமெரிக்காவின்ரை மரபணுப் பட்டியல் இணையப் பக்கம். ஆரும் காசில்லாமல் பாக்கலாம் எண்டீங்கள். பெரியண்ணை செத்தாப் பிறகு அவரின்ரை ரத்தத்திலை ஒரு மரபணுப் பிழை கண்டுபிடிச்சு, ஒரு நம்பர் தந்தவையெல்லே...

தனோஜன்: அது நோய் தருமோ எண்டதுக்கு நேரை 'நிச்சயமில்லை' எண்டு கிடக்கும். வருசக் கணக்காக் கிடக்கு.

சாருஜா: இப்ப அப்பிடி இல்லை.

தனோஜன்: ...என்னெண்டு கிடக்கு?

சாருஜா: 'நோய் உண்டாக்கும்' எண்டு.

தனோஜன்: நீ வேறை நம்பர் அடிச்சிருப்பாய்.

சாருஜா: திருப்பித் திருப்பிப் பாத்தன். அப்ப கோயில் மணி அடிக்கேக்கை பெரியண்ணை விழுந்தது, அம்மா சொல்லுற மாதிரி முனி அடிச்சு இல்லை...

தனோஜன்: முனிக்கு வேறை வேலை இல்லையே. திடீர்ச் சத்தத்துக்கு நெஞ்சுத் துடிப்புத் தப்பிற வருத்தம். அண்டைக்கே சொன்னன். மெடிக்கல் படிப்பைப் பாதியிலை விட்டவன்ரை கதையை ஆர் கேட்டது.

சாருஜா: உங்களுக்கும் இருந்தால்?

தனோஜன்: எனக்கு ஒண்டுமில்லை.

சாருஜா: ரத்தம் குடுத்துப் பாத்தனீங்களே?

தனோஜன்: என்னத்துக்கு? அதை விடு. நீ இப்ப கோயிலுக்குப் போறேல்லையாம். அம்மா உன்னைப் பேசிறா.

சாருஜா: படிக்க இருக்கு.

தனோஜன்: பூசை நேரம் பாத்துத்தான் படிப்பு வருமோ?

சாருஜா: கதையை மாத்தாதேங்கோ. நிச்சயமில்லாதது எப்பிடித் திடீரெண்டு நிச்சயமாகும்?

தனோஜன்: தானா ஆகாது. அந்தக் குடும்பத்திலை இன்னும் ஆருக்கும் இருந்தால்... ஆராய்ச்சிக்காரர் அதையும் சேத்துப் போடுவினம்.

சாருஜா: போட்டிருக்கினம். பேர் இல்லை. 'வட இலங்கை. செத்தவர் ஒருவர். மயங்கி விழுந்த அவரின் தம்பி ஒருவர்.'

தனோஜன்: வட இலங்கையிலை எத்தினை தம்பிமார்.

சாருஜா: பெரியண்ணைக்கு வேறை எத்தினை தம்பி, அண்ணை?

தனோஜன்: கத்தாதை. அங்கை அம்மாக்குக் கேக்கும்.

சாருஜா: நான் கத்தேல்லை.

தனோஜன்: ...மெசினடியிலை ஒருக்கா விழுந்தனான். ஐஸ்கட்டி ஒண்டு தகரத்திலை விழுந்த சத்தம், அவ்வளவுதான். ரத்தமும் குடுத்தனான். இப்ப நெஞ்சுத் துடிப்புக்குக் குளிசை போடுறன்.

சாருஜா: எப்ப சொல்ல இருந்தனீங்கள்?

தனோஜன்: சொல்ல இருக்கேல்லை. அம்மா ஒரு செத்தவீட்டிலை இருந்தே இன்னும் எழும்பேல்லை. பொறு, நானும் பக்கத்தைத் திறந்திட்டன்... நீ முழுக்க வாசிக்கேல்லை.

சாருஜா: வாசிச்சன்.

தனோஜன்: இல்லை. கீழை இன்னொரு வரி கிடக்கு. 'இன்னும் அறிகுறி இல்லாத தங்கை ஒருவர்...' சாரு, உது என்ன?

சாருஜா: நானும் ரத்தம் குடுத்தனான். என்ரை போனும் சத்தமில்லாமல்தான் கிடக்கு அண்ணை.